ஜீவராணிக்கு ரத்தம் கூடிப்போன கதை

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவில், ரத்தம் குறைவாக இருப்பது ஒரு செய்தியே அல்ல. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தம் குறைவு. மருத்துவ மாது வருவார், விரலில் குத்திப் பார்ப்பார், இரும்புச்சத்துக் குளிசைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். குளிசைகளில் பாதி பெட்டிக்குள் போகும். மீதி, வயிற்றைப் பிசைகிறது என்று கோழிக்குப் போடப்படும். பல வருடங்களாக இப்படியே நடப்பதால் இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் கிடையாது.

ஆகவே, மாசி மாதத்து மருத்துவ முகாமில் ஜீவராணியின் விரலில் குத்திய மாது, கையில் இருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு விரலில் குத்தியதும், அதுவும் போதாமல் மற்றக் கையை நீட்டச் சொன்னதும் வரிசையில் நின்றவர்களுக்குப் புதினமாக இருந்தது.

“என்னா மிஸ், அக்காவுக்கு ரத்தமே வரலியா?” என்று பின்னால் நின்ற சுதர்ஷினி கேட்டாள். மலையில் ஜீவராணிக்குப் பக்கத்துத் தேயிலை நிரை அவளுடையது.

“வருது. கூடிப்போயிருக்கு,” என்றார் மாது. “நான் பாத்ததிலயே இதுதான் ஆகக் கூட.”

ஜீவராணி தன் வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, வந்து சேரும் முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அடுத்த காம்பராக்காரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “நம்ம ரத்தமெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தானே தெரியுது.”

ஜீவராணிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினாறு வயதில் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்தவள். நிறுவையில் அவள் பை முதலாவதாக வராத நாள் என்றால் அது அவள் லீவு போட்ட நாளாக இருக்கும். கன்னம் இரண்டும் செம்பு தேய்த்தது போலச் சிவந்திருக்கும். பின்னேரமானால் தலை வலிக்கும், கூடையை இறக்கி வைத்த பிறகும் அதன் கயிறு தலையிலேயே இருப்பது மாதிரி. அதை அவள் ஒரு நோயாக எண்ணியதில்லை. கொழுந்து பறித்தால் தலை வலிக்கும் என்றுதான் எண்ணியிருந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அதை அவ்வளவு லேசாக விடவில்லை. ரத்தம் தடித்தால் அடைப்பு வரலாம், கை கால் இழுத்துவிடலாம் என்றார்கள். கையில் ஊசி போட்டு ஒரு பை ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். அடுத்த முறையும் எடுத்தார்கள். எடுத்ததை வீசிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது லயத்தில் பெரிய வருத்தம்.

“கீழ ஊத்துறதுக்குப் பதிலா எங்களுக்கு ஆளுக்கொரு கிண்ணம் குடுத்தா என்னாவாம்,” என்றாள் அடுத்த காம்பராக்காரி.

அழகருக்குத்தான் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவர் ஜீவராணியின் புருஷன், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பவர். “நான் போடுற சாப்பாடு அப்பிடி,” என்று முதலில் சொல்லிப் பார்த்தார். கங்காணி ரெங்கசாமி ஜீவராணியை மலையிலிருந்து இறக்கியதும் அந்தப் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ரெங்கசாமி கெட்டவர் அல்ல. சரிவில் மயங்கி விழுந்தால் கேள்வி தன்னிடம்தான் வரும் என்று பயந்தவர். “டொக்டர் ஒரு முடிவு சொல்லட்டும் புள்ள. அது வரைக்கும் நீ நாத்து மேடைக்குப் போ,” என்றார். நாற்று மேடையில் பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்ப வேண்டும். பிள்ளை பெற்று எழுந்தவர்களுக்கும் முதுகு பிடித்தவர்களுக்கும் கொடுக்கிற வேலை அது. ஜீவராணி மண்ணை நிரப்பிக்கொண்டே மேலே பார்ப்பாள். அவளுடைய நிரையில் சுதர்ஷினி இறங்கி, தன் நிரையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நிறுவையில் முதலாவது யார் என்று யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

பதுளை டொக்டர் விஷயத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். உண்மையிலேயே ரத்தம் கூடுதலாக ஊறும் நோய் என்றால் ஆயுள் முழுக்க மருந்து, ஆயுள் முழுக்க ரத்தம் எடுப்பு, மலை வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் சிலருக்கு விரலில் குத்தினால் கூடுதலாகக் காட்டும், உடம்பில் அளந்தால் சரியாக இருக்கும். எது என்று அறிய உடம்பிலுள்ள ரத்தத்தையே அளந்து பார்க்க வேண்டும். அதற்குக் கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக வேண்டும். கதிர் வீசுகிற மருந்தில் ஒரு துளியை உடம்புக்குள் போட்டு அளப்பார்கள்.

“அணுகுண்டுல போடுறதா?” என்று அழகர் கேட்டார்.

அது இல்லை என்று சொல்லி, ஒரு சின்னப் போத்தலில் கபில நிறத்து அயடின் சொட்டுமருந்தைக் கொடுத்தார்கள். அளக்கிற மருந்தில் கதிர் அயடின் இருக்கிறது, அது கழுத்துச் சுரப்பியில் போய் உட்காரப் பார்க்கும், அதற்கு முன் சாதாரண அயடினை அங்கே உட்கார்த்திவிட்டால் அதற்கு இடம் இராது, போவதற்கு முதல் நாளே தொடங்கி, அளந்த பிறகும் போத்தல் தீரும் வரை தொடர வேண்டும், ஒரு கோப்பைத் தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும் என்று தாதி விளக்கினாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி என்று ஜீவராணி விளங்கிக்கொண்டாள்.

சொட்டு மருந்தை அவள் ஒரு தடவை கூடத் தவறவிடவில்லை. ஆனால் கோப்பைத் தண்ணீர் என்பதை மட்டும் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டாள். ஒரு கரண்டி சீனித் தண்ணீரில் விட்டு, கண்ணை மூடி, விழுங்கிவிட்டாள். மறுநாள் விடியும் முன் பஸ் ஏற வேண்டும். கோப்பை கோப்பையாகக் குடித்துவிட்டு யார் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது?

பசறைக்கு ஒரு பஸ், பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ். வழியில் நிறுத்திய கடையில் அழகர் இரண்டு பிளேன்டீ குடித்தார். ஜீவராணி பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில் இருந்தது. கதவில் மஞ்சள் தகட்டில் மூன்று இறகு வைத்த கதிர் எச்சரிக்கைப் படம்.

“காத்தாடி ரிப்பேர் பண்ற எடம் போல இருக்கு,” என்றார் அழகர்.

உள்ளே ஸாஹிர் என்ற இளைஞர் இருந்தார். மருந்தை அளந்து கொடுப்பதும் கருவியைப் பார்ப்பதும் அவர் வேலை. சட்டைப் பையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருந்தார்.

“பேர் சொல்லுங்க அக்கா.”

சொன்னாள். பிறந்த திகதி கேட்டார், அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்தார். உள்ளே போய் வந்து மறுபடியும் பேர் கேட்டார். மருந்து வந்த பிறகு மூன்றாம் முறை கேட்டார்.

“பெரட்டுல கூட இத்தன தடவ பேரு கேக்க மாட்டாங்க தம்பி,” என்றார் அழகர்.

“பெரட்டுல ஆள் மாறினா ஒரு நாள் சம்பளம் மாறும். இங்க மாறினா ஊசி மாறிப்போகும்,” என்றார் ஸாஹிர். “அக்கா கர்ப்பமா இருக்கிறீங்களா?”

ஜீவராணி அழகரைப் பார்த்தாள். அழகர் சுவரைப் பார்த்தார்.

“எங்க மூத்தவனுக்கே கல்யாணம் பேசுறோம்,” என்றாள்.

“கேக்கத்தான் வேணும். கோவிக்காதீங்க. பால் குடுக்கிற பிள்ளை?”

“கடைசியா பால் குடிச்சவன் இப்ப கொழும்புல கடையில நிக்கிறான்.”

“சரி. மருந்து, ஊசி ஏதும் ஒத்துக்காம போயிருக்கா? சொட்டு மருந்து குடிச்சீங்களா? வழமையா குடிக்கிற அளவு தண்ணி இண்டைக்கும் குடிச்சீங்களா?”

“வழமையா குடிக்கிற அளவுதான் தம்பி,” என்றாள் ஜீவராணி. அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

மருந்து ஈயத்தால் செய்த ஒரு சின்னக் குவளைக்குள் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பொருளை ஸாஹிர் இரண்டு கையாலும் தூக்கி வைத்ததைக் கண்டு அழகர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். ஊசிக் குழாய்க்கும் ஒரு கனமான சட்டை போட்டிருந்தது.

“இவ்வளவு பயந்து பயந்து தூக்கிறத எங்க ஆளுக்குள்ள ஊத்தப் போறீங்களா?”

“பயமில்ல அண்ணன். நான் தினமும் தூக்கிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சம் பட்டா எனக்குக் கூடிப்போகும். எவ்வளவு பட்டுதுன்னு பார்க்கத்தான் இந்த வில்லை.” சட்டையைத் தொட்டுக் காட்டினார். “அக்காவுக்கு வாழ்க்கையில ஒரு தரம். அதுவும் அளந்து எடுத்த துளி.”

“அந்தத் துளிய வச்சு எப்பிடி ரத்தத்த அளப்பீங்க?”

ஸாஹிர் கொஞ்சம் யோசித்தார். “அண்ணன் எங்க வேலை?”

“தேயில பெக்டரியில.”

“அப்ப லேசு. ஒரு பானையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரியாது. எட்டிப் பார்க்கவும் ஏலாது. நீங்க கடும் தேயிலைச் சாயத்துல ஒரு கரண்டி ஊத்திக் கலக்குறீங்க. பிறகு ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கிறீங்க. சாயம் வெளுத்திருந்தா?”

“பானை பெருசு.”

“கடுப்பா இருந்தா?”

“தண்ணி கொறவு.” அழகர் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. டீ தானே.”

பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் தர்மிளா வந்து, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து, ஜீவராணியின் இடக்கையில் ஊசியைப் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரி, அதிகம் பேசாதவர். காலியான குழாயை ஸாஹிர் வீசவில்லை. அதில் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அதையும் அளந்தார். துடைத்த பஞ்சு மூன்று இறகுப் படம் போட்ட வாளிக்குள் போனது. பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை வலக்கையிலிருந்து சிறிது சிறிதாக ரத்தம் எடுத்தார்கள்.

“அசையாம படுங்க அக்கா.”

“இப்பிடி பட்டப்பகல்ல படுக்க விட்டீங்கன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்,” என்றாள் ஜீவராணி.

எல்லாம் முடிந்ததும் ஸாஹிர் ஒரு பெரிய போத்தல் தண்ணீரை அவள் முன் வைத்தார். “இப்ப இதைக் குடிங்க. குடிச்சிட்டு அந்தக் கதவு, படம் போட்டிருக்கே, அந்த டொயிலெட்டுக்குப் போங்க. ரெண்டு தரம் தண்ணி இழுத்து விடுங்க. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. மருந்து கொஞ்சம் கொஞ்சமா அப்பிடித்தான் வெளிய போகும். வீட்டுக்குப் போயும் சில நாளைக்கு நல்லாக் குடிக்கணும், அடிக்கடி போகணும்.”

ஜீவராணி போத்தலைப் பார்த்தாள். “வேணாம் தம்பி.”

“வேணாம்னு இல்ல அக்கா. மருந்து மாதிரி.”

“பஸ்ல போகணுமே.”

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு.”

“எனக்கு தண்ணி தாகமே எடுக்காதுங்க. காலையில ஒரு பிளேன்டீ குடிச்சா அந்திக்குத்தான்.”

உள்ளறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் தர்மிளா, கையில் கணக்கோடு வெளியே வந்தார்.

“அம்மா, இப்ப என்ன சொன்னனீங்கள்?”

“ஒண்ணுமில்லீங்க டொக்டரம்மா. தண்ணி வேணாம்னேன்.”

“கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?”

ஜீவராணிக்கு அது ஞாபகம் வைத்துக்கொள்கிற விஷயமாகத் தோன்றவில்லை. “நேத்து மருந்துக்கு ஒரு கரண்டி,” என்றாள்.

“வேலைக்குப் போற நாளில?”

“வேலைக்குப் போற நாள்ல யாருங்க குடிப்பா? மலையில கக்கூஸ் கெடையாது. பத்தை மறைவுக்குப் போனா கால்ல அட்டை ஏறும். அட்டைய விட மோசம், மேல ரோட்டுல கங்காணி, சூப்பவைசரு, லொறிக்காரன். லயத்துக்கு எறங்கி ஏறினா அரை நாள் பேரு வெட்டுப்படும், சம்பளம் போயிரும். அதனால காலையிலயே கம்மியா குடிச்சிட்டு ஏறிருவோம். பழகிருச்சு.”

“எல்லாரும் இப்பிடியோ?”

“எல்லாருந்தான்.” கேள்வியே வேடிக்கையாக இருந்தது அவளுக்கு.

டொக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். “உங்கட சிவப்பணு அளவு சரியா இருக்கு. ஒரு சொட்டும் கூட இல்லை. ரத்தத்தில இருக்க வேண்டிய தண்ணிதான் நல்லாக் குறைஞ்சு கிடக்கு. பருப்புக் கறி தடிச்சுப்போனா, பருப்பு கூடிப்போச்செண்டு அர்த்தமில்லை.”

“அப்ப ரெண்டு பை எடுத்தாங்களே?” என்றார் அழகர்.

“பதுளை டொக்டர் சந்தேகப்பட்டபடியாத்தான் இஞ்ச அனுப்பினவர். இனி எடுக்கத் தேவையில்லை. ஒரு கிழமை தண்ணியைக் குடிச்சுப்போட்டு மலைக்குப் போகலாம். ஒரு மாதத்தால பதுளையில திரும்பப் பாக்கட்டும். ஆனா பழையபடி குடியாமல் இருந்தால் பழையபடிதான் வரும்.”

“மத்தவங்களுக்கு ஏன் கூடலீங்க? அவங்களும் குடிக்கிறதில்லியே,” என்று ஜீவராணி கேட்டாள்.

“அவைக்கு ரத்தமும் குறைவு, தண்ணியும் குறைவு. ரெண்டும் குறைஞ்சா அளக்கேக்க அவ்வளவு மோசமாத் தெரியாது.”

ஜீவராணி இதை மனதில் வைத்துப் பார்த்தாள். பிறகு போத்தலை எடுத்து, முழுதும் குடித்து, படம் போட்ட கதவுக்குள் போனாள். யாரோ ஒருவர் போ என்று உத்தரவிட்டு அவள் கழிப்பறைக்குப் போவது அதுதான் முதல் தடவை. வெளியே இருந்த அழகருக்கு இரண்டு தடவை தண்ணீர் இழுத்து விடும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மூன்றாவது தடவையும் கேட்டது.

“மூணாவது எதுக்கு?”

“இருக்கட்டும்னு,” என்றாள்.

தோட்டத்தில் அழகர் தானே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பானை, சாயம், கரண்டி எல்லாம் வந்தது. ஆனால் ஈயக் குவளையை விட அவருக்கு மனமில்லை. அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கனம் ஏறியது. ஒரு கிழமை முடிந்து ஜீவராணி மலை ஏறியபோது, அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்பதில் ரெங்கசாமிக்குத் தெளிவான ஒரு பயம் இருந்தது.

அவள் தோளில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. முதல் மணி நேரத்திலேயே பாதியைக் குடித்துவிட்டு நிரையை விட்டு வெளியே வந்தாள்.

“கங்காணி, நான் லயத்துக்குப் போய்ட்டு வாறேன்.”

“இப்பத்தானே வந்த?”

“டொக்டரம்மா உத்தரவு. குடிக்கணும், போகணும்.”

தனியாக எந்தப் பெண்ணும் இறங்குவதில்லை என்பது அங்கே வழக்கம். ஆகவே துணைக்கு ஒருத்தி போனாள். இருவரும் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மத்தியானத்துக்கு முன் ஜீவராணி மறுபடி வந்து நின்றாள். இந்த முறை துணைக்கு மூன்று பேர் முன்வந்தார்கள்.

“இந்தா புள்ள, எல்லாரும் போற மாதிரி அந்தப் பத்தைக்குப் பின்னால…” என்று ரெங்கசாமி தொடங்கினார்.

“ரெண்டு தடவ தண்ணி இழுத்து விடணும்னாங்க. பத்தையில எத இழுக்கிறது?”

ரெங்கசாமி பத்தையைப் பார்த்தார். பத்தைக்கு அடுத்து நின்ற தேயிலையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அது… அந்த மருந்து இன்னும் வருதா?”

“கொஞ்சம் இருக்கும். ஒண்ணும் செய்யாதுன்னு டொக்டரம்மா சொன்னாங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா பாதிப் பாதியா தேஞ்சிருமாம். பக்கத்துல இருக்கலாம், சமைக்கலாம், ஒரு பயமும் இல்லையாம்.”

“கொழுந்துல பட்டா?”

“ஒண்ணும் செய்யாதாம் கங்காணி.”

“டொக்டரம்மாவா தூளு வாங்குறாங்க? வெளிநாட்டுக்காரன் வாங்குறான். மெசின் வச்சுப் பார்க்கிறவன். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவுன்னு கேப்பான். துரை என்னைய கேப்பாரு. நான் என்னான்னு சொல்றது, ஜீவராணின்னா?”

“நான் உண்மையத்தான் சொல்றேன். ஒண்ணும் ஆகாது.”

“நீ ஒண்ணும் சொல்லாத. பத்தைப் பக்கம் மட்டும் போகாத. லயத்துக்கே போ.”

அவள் போனாள். அன்றும், மறுநாளும், அதற்கு மறுநாளும். துணைக்கு ஆள் மாறி மாறிப் போனார்கள். துணைக்குப் போனவர்கள் சும்மா போவானேன் என்று தாங்களும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். நிரைகள் முற்றின. முற்றிய வங்கி இலை வருகிறது என்று தொழிற்சாலையிலிருந்து முறைப்பாடு வந்தது. ரெங்கசாமி தோட்டத்து மேலாளரான துரையிடம் ஓடினார். தொழிற்சங்கம் பல வருடங்களாகக் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, கங்காணி ஒரு பின்னேரத்தில் வியர்த்து விறுவிறுத்துக் கேட்டு வாங்கி வந்தார். மலையின் நடுவில், தேயிலையிலிருந்து தள்ளி, தகரத்தால் ஒரு கழிப்பறை. ஓடையிலிருந்து குழாய் இழுத்து, ஒரு தொட்டி, ஒரு வாளி, உள்ளே தாழ்ப்பாள். கதவில் ரெங்கசாமி தன் கையாலேயே சுண்ணாம்பில் மூன்று இறகு வரைந்தார். தொழிற்சாலைக் காற்றாடி போலத்தான் வந்தது.

அந்த வேலை முடிவதற்குள் ஜீவராணியின் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. பதுளையில் மறுபடி பார்த்தபோது ரத்தம் சாதாரண அளவில் இருந்தது. லயத்தில் அது ஒரு ஏமாற்றம். தலைவலியும் போய்விட்டது. கயிறு தலையில் இருக்கும்போது கயிறு, இறக்கினால் இல்லை, அவ்வளவுதான்.

நிறுவையில்தான் ஒரு சிக்கல். கழிப்பறை வந்த பிறகு ஒரு பின்னேரம் தராசில் ஜீவராணியின் பை இரண்டாவதாக வந்தது. அதற்கு முதல் நாளும் அப்படித்தான். முதலாவது சுதர்ஷினி.

“அக்கா கக்கூசுக்கும் மலைக்கும் நடக்குற நேரத்துல நான் ரெண்டு தேயிலத் தூறு முடிச்சிருவேன்,” என்றாள் சுதர்ஷினி. நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

“தல வலிக்குதா?”

“அந்திக்கு எப்பவும் வலிக்கிறதுதானே.”

ஜீவராணி தோளில் இருந்த போத்தலைக் கழற்றி அவள் கையில் திணித்தாள்.

“குடி.”

“இப்பவா? லயத்துக்கு நடக்கணுமே.”

“வழியிலதான் கட்டி வச்சிருக்கே. குடிச்சிட்டு அங்க போ. ரெண்டு வாளி ஊத்து. நாளைக்கு என்னைய மாதிரியே குடிச்சிட்டுப் பறி. அதுக்கப்புறம் பாப்போம், யாரு மொதன்னு.”

சுதர்ஷினி போத்தலைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், பிறகு குடித்தாள். ரெங்கசாமி அதைக் கண்டு பதறி ஓடி வந்தார்.

“ஏய் புள்ள, அவ வாய் வச்ச போத்தல்ல ஏன் குடிக்கிற? இனி ஒனக்கும் தனியா ஒண்ணு கட்டச் சொல்லுவியா?”

“கட்டுங்க கங்காணி,” என்றாள் சுதர்ஷினி வாயைத் துடைத்துக்கொண்டு. “மேல் மலையிலயும் ஒண்ணு வேணும்.”